சமுத்திரக் கரையில ஒரு சொம்புத் தண்ணி!

குழந்தைக்கு மூக்கு அடைத்துக்கொண்டால் போதும், வீட்டில் திடீரென்று நாலு டாக்டர்கள் உருவாகிவிடுவார்கள். ‘கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில கரைச்சு நெஞ்சுல தடவுடி’ என்பார் பாட்டி. மாமனார் ஆவி பிடிக்கச் சொல்வார். எதிர்வீட்டு மாமி, சாம்பிராணியோடு ரெடி. நாலாவது டாக்டர், சாட்சாத் குழந்தையின் அப்பா! ஆபீஸ் முடிந்து செங்கல்பட்டு லோகலில் வரும்போது செல்போனில் ‘ஹ்யூமிடிஃபையர்’ என்ற சமாசாரம் அவர் கண்ணில் பட்டுவிடுகிறது. அழகான ஒரு டப்பா, அதன் உச்சியிலிருந்து வெள்ளையாய்ப் புகை, பக்கத்தில் நிம்மதியாய்த் தூங்கும் வெள்ளைக்காரக் குழந்தை. பரனூர் வருவதற்குள் ஆர்டர் போட்டாச்சு!

ஸார், ஒரு நிமிஷம்... கான்சல் பண்ண இன்னும் டைம் இருக்கு.

இந்த டப்பா பிறந்தது குளிர் தேசத்துக்காக. அங்கே பனிக்காலத்தில் வெளியே இருக்கிற சில்லென்ற காற்றில் தண்ணீர்ச் சத்து ரொம்பக் கம்மி. அதே காற்றை ஹீட்டர் போட்டுச் சூடாக்கினால் வீட்டுக்குள்ளே அப்பளம் காயப் போடலாம், அவ்வளவு வறட்சி. குழந்தையின் மூக்குச் சளி பிசின் மாதிரி இறுகிவிடும். அதனால் காற்றுக்கு ஈரம் ஊட்ட ஒரு மெஷின் வைத்துக்கொள்கிறார்கள். நியாயம்தான்.

நம்ம மாமல்லபுரம், கோவளம், கல்பாக்கம் பக்கம் கதையே வேறு. உப்பு ஜாடியைத் திறந்தால் கசிந்து கிடக்கும். சாயங்காலம் பொரித்த அப்பளம் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் துணி மாதிரி தொங்கும். பீரோவுக்குள் பெல்ட்டில் பூஞ்சணம். வீட்டுக்குள் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் வரை இருப்பது நல்லது என்கிறார்கள் நிபுணர்கள். நம்ம கடற்கரையில் விடிகாலை நேரத்தில் அது 80-ஐ சர்வ சாதாரணமாகத் தாண்டும். பி.காம். பாஷையில் சொன்னால், ஏற்கெனவே கணக்கில் எக்கச்சக்க பேலன்ஸ். இதற்கு மேல் டெபாசிட் எதற்கு?

வீண் செலவு மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். விஷயம் அதைவிட சீரியஸ். ஈரம் 60 சதவீதத்தைத் தாண்டினால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். தலையணையில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகளுக்கும் கொண்டாட்டம். அலர்ஜியால் மூக்கடைப்பதற்கும், இழுப்பு வருவதற்கும் இந்த ரெண்டு பேரும் முக்கியக் காரணஸ்தர்கள். அதாவது, மருந்து என்று நினைத்து வியாதிக்கே விருந்து வைக்கிறோம்.

‘எங்க வீட்ல ராத்திரி பூரா ஏ.ஸி. ஓடுதே’ என்கிறீர்களா? சரியான கேள்வி. ஏ.ஸி. காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்தெடுத்து, பின்பக்கக் குழாய் வழியாகச் சொட்டச் சொட்ட வெளியே அனுப்புகிறது. அறை கொஞ்சம் வறளலாம். ஆனால், யூகத்தில் முடிவு பண்ண வேண்டாம். ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குழந்தை தூங்கும் அறையில் நாலு ராத்திரி வைத்துப் பாருங்கள். 40-க்கு மேலே காட்டினால் மெஷின் வேண்டவே வேண்டாம். அதற்குக் கீழே போனால்கூட, முதலில் ஏ.ஸி.யை 18-லிருந்து 26-க்கு ஏற்றிப் பாருங்கள். கரன்ட் பில்லும் இறங்கும்!

அதற்கும் மசியாமல் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், நாலு கண்டிஷன்.

ஒன்று: சூடான ஆவி விடுகிற ரகம் வேண்டாம். தவழும் குழந்தை வயரைப் பிடித்து இழுத்தால் கொதிநீர் அதன் மேலேதான் கவிழும். குளிர்ந்த சாரல் விடுகிற ரகமே போதும்.

ரெண்டு: போர் தண்ணியை ஊற்றாதீர்கள். அல்ட்ராசானிக் மெஷின் தண்ணீரோடு அதிலுள்ள உப்பையும் பொடியாக்கிக் காற்றில் தூவும். மேஜை மேல் படிகிற அந்த வெள்ளைப் பவுடர்தான் குழந்தையின் நெஞ்சுக்குள்ளும் போகும். நெம்மேலியில் கடல் தண்ணியிலிருந்து உப்பைப் பிரித்துக் குடிநீராக்குகிற ஆலை 2013-லிருந்து ஓடுகிறது. நாம் வீட்டுக்குள் உப்பைத் தூவுவானேன்? ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி.

மூணு: தினமும் மிச்சத் தண்ணியைக் கொட்டி, கழுவி, காயவைக்க வேண்டும். தேங்கிய தண்ணியில் கிருமி வளரும். மெஷின் அதையும் சேர்த்துத்தான் தூவும்.

நாலாவதுதான் தலையாயது: தண்ணீரில் வேறு எதையும் கலக்கக் கூடாது. யூகலிப்டஸ், வாசனைத் தைலம், கிருமிநாசினி... மூச்! தென்கொரியாவில் 1994-லிருந்து ஹ்யூமிடிஃபையர் தண்ணியில் கலப்பதற்கென்றே ஒரு கிருமிநாசினி கடைகளில் விற்றார்கள். குழந்தைக்கு நல்லது என்று நம்பி வாங்கிக் கலந்தார்கள் பெற்றோர்கள். அந்த ரசாயனம் நுரையீரலை இறுக்கிக் கெட்டிப்படுத்திவிட்டது. காரணம் இதுதான் என்று அரசு கண்டுபிடித்து விற்பனையை நிறுத்தியது 2011-ல். ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் இறந்ததாகப் புகார்கள் பதிவாயின. கைக்குழந்தைகளும், கர்ப்பிணிகளும் அதில் உண்டு. தரையைத் துடைக்கத் தோதானது, மூச்சுக்குள் போகத் தோதானது அல்ல!

‘அப்ப மூக்கடைப்புக்கு என்னதான் பண்றது?’

சிம்பிள். மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் சொட்டு, அதாவது வெறும் உப்புத் தண்ணீர். பாலுக்கு முன்பும் தூங்கும் முன்பும் டாக்டர் சொன்ன அளவில் விட்டு, இளகி வருகிற சளியை மெல்லத் துடைத்துவிடுங்கள். பால், தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் தாய்ப்பால் மட்டும்.

அடுத்து, அறையிலிருந்து எதை வெளியேற்றுவது என்று பாருங்கள். முதல் குற்றவாளி, கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடுகிற நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் விடுவதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. சிகரெட்டைக் கீழே தெருமுனைக்குப் போய்ப் பிடித்துவிட்டு வருகிற உத்தமர்கள், ராத்திரி கட்டிலுக்கடியில் சுருள் கொளுத்தலாமா? கொசுவலைக்கு மாறிவிடுங்கள். சாம்பிராணிக்கும் கொஞ்ச நாள் லீவு.

பாட்டி மனம் கோணாமல் ஒன்று சொல்ல வேண்டும். கற்பூரம் குழந்தை வாய்க்குள் போனாலோ, தோல் வழியே அதிகமாய் இறங்கினாலோ வலிப்புகூட வரலாம். ரெண்டு வயதுக்குள் தைலமும் வேண்டாம். மாமனாரின் ஆவி வைத்தியத்துக்கும் தடா. ஜலதோஷத்துக்குச் சூடான ஈரக்காற்று உதவுகிறதா என்று சண்டிகர் டாக்டர் மீனு சிங் உள்ளிட்ட குழு பல ஆய்வுகளை அலசி 2017-ல் வெளியிட்டது. பலன் இருப்பதாக உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. கொதிக்கிற பாத்திரம் கவிழ்ந்தால் சுடும் என்பதற்கோ ஆய்வே தேவையில்லை.

இருமல் சிரப்? டாக்டர் சீட்டு இல்லாமல் தொடவே தொடாதீர்கள். குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் ரெண்டும் சேர்ந்த ஜலதோஷ மருந்தை 4 வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று 2023-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகளைப் பறித்த விஷ சிரப் தயாரானது எங்கே தெரியுமோ? நமக்குப் பக்கத்து மாவட்டமான காஞ்சிபுரத்தில், சுங்குவார்சத்திரத்தில்.

கடைசியாக, காசு செலவில்லாத ஒரு கருவி: கையில் கட்டிய வாட்ச். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதை முழுசாய் ஒரு நிமிஷம் எண்ணுங்கள். ரெண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலே டாக்டரிடம் ஓடுங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்கவே முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, யோசிக்காதீர்கள்... 108! ராத்திரி ரெண்டு மணியானாலும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

ஆபீஸில் மணிக்கணக்காக அடுத்தவன் கணக்கை டேலி பண்ணுகிறோம். சொந்தக் குழந்தையின் மூச்சுக்கு ஒரே ஒரு நிமிஷம் ஒதுக்கக் கூடாதா, ஸார்?