பழைய கொப்பிகளை எரிக்க முன்: ஆவணவியல் படித்தவர்கள் நமக்கு ஏன் தேவை?

பள்ளிவாசல் ஒன்று புதிதாகக் கட்டப்படும்போது முதலில் காணாமல் போவது பழைய அலுமாரிதான். அதற்குள் இருந்த சந்தாக் கொப்பிகள், நிருவாக சபைக் கூட்டக் குறிப்புகள், வக்பு காணிகள் பற்றிய கடிதங்கள் எல்லாம் "பழைய கடதாசி" என்ற ஒரே பெயரில் எரிக்கப்படுகின்றன. சில வருடங்கள் கழித்து அதே காணிக்கு ஒருவர் உரிமை கோரி வழக்குப் போடும்போது, அந்தக் கடதாசியைத் தேடி எல்லோரும் ஓடுகிறோம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இல்லாமல் திரும்பிச் செல்லும் ஒருவருக்கு, பாடசாலைச் சேர்வு இடாப்பில் உள்ள ஒரு வரிகூட அந்த ஊரில் தான் வாழ்ந்ததற்கான சாட்சிதான்.

எதை வைத்திருப்பது, எதைக் கழிப்பது, வைத்திருப்பதை எப்படி ஒழுங்குபடுத்துவது, யாருக்கு எப்போது காட்டுவது என்பவற்றைக் கற்பிக்கும் துறைதான் ஆவணவியல். நம்மவர்கள் பெரும்பாலும் இதை நூலகவியலோடு சேர்த்துக் குழப்பிக் கொள்கிறார்கள். நூலகத்தில் ஒரு புத்தகம் தொலைந்தால் வேறொரு பிரதி வாங்கலாம். ஆவணத்துக்குப் பெரும்பாலும் மறுபிரதி இல்லை. நூலகர் புத்தகங்களை விடயவாரியாக அடுக்குவார். ஆவணவியலாளர் அப்படி அடுக்கினால் அது பெரும் பிழை.

காரணம், ஓர் ஆவணத்தின் பெறுமதி அது யாரிடமிருந்து, எந்த வேலையின்போது, எந்த ஆவணங்களுடன் சேர்ந்து வந்தது என்பதில் தங்கியிருக்கிறது. ஒரு பள்ளிவாசலின் 1950களின் கடிதங்களையெல்லாம் "காணி", "கல்வி", "நோன்பு" என்று பிரித்துப் புதிய கோவைகளில் போட்டால் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் எந்தக் கடிதத்துக்கு எது பதில், எந்தக் கூட்டத்தின் முடிவால் எது எழுதப்பட்டது என்ற தொடர்பு அறுந்துவிடும். அறிவிப்பாளர் தொடர் அறுந்த செய்தியை நமது உலமாக்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் விடயம் புரியும். பிரான்சில் 1841இல் அரச சுற்றறிக்கையாக வந்த இந்த விதியை, 1898இல் மூன்று ஒல்லாந்து ஆவணவியலாளர்கள் கைநூலாக விரிவாக எழுதினார்கள். இன்றும் இந்தப் படிப்பின் முதல் பாடங்களில் ஒன்று இதுதான். பரிஸில் இதற்கான கல்லூரி 1821இலேயே தொடங்கிவிட்டது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1947 முதல் கற்பிக்கிறார்கள். புதுடில்லியில் இந்தியத் தேசிய ஆவணக்காப்பகமே ஆவணவியலுக்கென ஒரு கல்லூரியை நடத்துகிறது.

ஆராய்ச்சி என்ன செய்கிறது என்பதற்கு நம் வீடுகளிலேயே உதாரணம் உண்டு. உறுதிகளையும் சான்றிதழ்களையும் "லெமினேட்" செய்து வைத்திருக்கிறோம். இருபதாம் நூற்றாண்டில் பெரிய ஆவணக் காப்பகங்களும் செலுலோஸ் அசிற்றேற்றுத் தாள்களால் ஆவணங்களை மூடின. இந்தியாவில் அதையே இயந்திரமின்றி அசிற்றோன் கொண்டு கையால் செய்யும் முறையும் உருவானது. பின்னர்தான் அந்த அசிற்றேற்று சிதைந்து அமிலம் விடுகிறது என்பதும், உள்ளே இருக்கும் தாளை அது பாதிக்கிறது என்பதும், பிரித்தெடுப்பது மிகக் கடினம் என்பதும் ஆய்வுகளில் தெளிவானது. இன்று ஆவணப் பாதுகாப்பின் அடிப்படை நியமங்களில் ஒன்று, பிறகு கழற்ற முடியாத எதையும் செய்யாதே என்பது. நமது கடைகளில் சூடாக்கி ஒட்டும் பிளாஸ்ரிக் இதற்கு நேர் எதிரானது.

இலங்கை மலாய் சமூகத்தின் அனுபவம் நாம் கவனிக்க வேண்டியது. கலாநிதி பீ.ஏ. ஹுசைன்மியா 1970களில் மலாய்க் குடும்பங்களிடமிருந்த கையெழுத்துப் பிரதிகளைத் தேடிப் பதிவு செய்தார். 1873இல் கலைக்கப்பட்ட இலங்கை ரைபிள் படையணியில் இருந்த மலாய்ச் சிப்பாய்களின் இலக்கிய வாழ்வு அவரது நூல்கள் மூலம் வெளியே தெரிய வந்தது. பிறகு பேராசிரியர் ரோனித் ரிச்சி, பிரித்தானிய நூலகத்தின் அழிவுக்குள்ளாகும் ஆவணங்கள் திட்டத்தின் கீழ் இத்தகைய பிரதிகளை டிஜிட்டல் படங்களாக்கினார். இத்திட்டத்தில் மூலப் பிரதிகள் நாட்டை விட்டுப் போவதில்லை, பிரதிபிம்பங்கள் மட்டுமே போகின்றன. அரபுத் தமிழ்ப் பிரதிகளுக்கும் இதே அளவு உழைப்பு தேவை. அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த முதியவர்கள் குறைந்து வருகிறார்கள் என்பதால் இது நேரத்தோடு போட்டி போடும் வேலை.

"எல்லாவற்றையும் போனில் படமெடுத்துவிட்டோம்" என்று சில இளைஞர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் எந்த ஊர், எந்தக் கோவை, எத்தனையாவது பக்கம் என்ற விபரம் இல்லாத ஆயிரம் படங்கள் ஒரு குவியல் மட்டுமே. வெளிநாட்டில் பிரதி இருக்கிறது என்ற நிம்மதியும் முழுமையானதல்ல. 2023 ஒக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலால் பிரித்தானிய நூலகத்தின் இணைய சேவைகளில் பெரும்பகுதி பல மாதங்கள் முடங்கிக் கிடந்தது.

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் கூடத் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலத்து ஆயிரக்கணக்கான தொகுதிகள் இருக்கின்றன. காணி விபரங்களையும் குடும்ப விபரங்களையும் கொண்ட தோம்புகளும் அவற்றில் அடங்கும். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்தக் காலத்து ஒல்லாந்துக் கையெழுத்தை வாசிக்கப் பழகிய எமது மாணவர் எத்தனை பேர்? சட்டம், மருத்துவம், கணக்கியல் என்று பிள்ளைகளை வழிநடத்தும் நமது கல்விக் கருத்தரங்குகளில் இந்தத் துறையின் பெயரையே நான் கேட்டதில்லை. களனிப் பல்கலைக்கழகத்தில் நூலக, தகவல் விஞ்ஞானத் துறை இருக்கிறது. ஒலுவிலில் தமிழும் அரபும் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு திறமைகளும் ஒருவரிடமே சேர வேண்டும். ஊர்ப் புலமைப்பரிசில் நிதியங்கள் வருடத்துக்கு ஒருவரையாவது இதற்கு அனுப்பலாம்.

காதி நீதிமன்றக் கோவைகள் தனிப் பிரச்சினை. சமூக வரலாற்று ஆய்வாளருக்கு அவை புதையல். ஆனால் அவற்றுள் இருப்பது ஒரு பெண்ணின் விவாகரத்து, ஒரு பிள்ளையின் தாபரிப்பு. எத்தனை வருடம் மூடி வைப்பது, பெயர்களை மறைத்துக் கொடுப்பதா என்பதை முடிவு செய்யவும் பயிற்சி வேண்டும்.

அதுவரை நிருவாகிகள் செய்யக்கூடியது அதிகமில்லை. பழைய கட்டுகளைப் பிரித்து அடுக்காமல், கிடைத்த ஒழுங்கிலேயே வையுங்கள். துருப்பிடித்த கிளிப்புகளை மட்டும் மெதுவாகக் கழற்றுங்கள். நிலத்திலிருந்து உயர்த்தி, ஈரச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் என்ன இருக்கிறது என்று பென்சிலால் ஒரு தாளில் எழுதி, அதன் பிரதியைச் செயலாளரின் வீட்டில் அல்லாமல் பள்ளிவாசல் காரியாலயத்தில் வையுங்கள். செயலாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.