பழைய வண்டியைக் கொடுத்துப் புது வண்டி எடுக்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் நோட்டில் எழுதி முடித்த பிறகு ஒரு அக்கா மெதுவாக ஆரம்பித்தார். "என் பழைய ஸ்கூட்டருக்கு வெளியில இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல யாரும் கேக்கல மேடம். ஷோரூம்ல முப்பதாயிரம் தரேங்கறாங்க. அங்கேயே எக்ஸ்சேஞ்ச் போட்டுடலாமா?"

பக்கத்தில் இருந்த இன்னொரு அக்கா உடனே கேட்டார்: "ஊருல யாரும் தராத விலையை அவங்க மட்டும் ஏன் தரணும்? அவங்களுக்கு எப்படிக் கட்டுபடியாகுது?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

ஒரு பேரம் இல்லை, மூன்று பேரம்

எக்ஸ்சேஞ்ச் என்று போகும்போது ஒரே வியாபாரம் நடப்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அங்கே மூன்று வியாபாரம் நடக்கிறது. நம் பழைய வண்டியை விற்கிறோம். புது வண்டியை வாங்குகிறோம். பாக்கிப் பணத்துக்குக் கடன் வாங்குகிறோம். மூன்றையும் ஒன்றாகக் கலந்து, "மாசம் மூவாயிரம் கட்டினா போதும்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால், எதில் நமக்கு லாபம், எதில் நஷ்டம் என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஒரு கையில் கொடுத்ததை இன்னொரு கையில் வாங்கிவிடலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்குத்தான்.

முதல் ஷோரூம்: புது வண்டி ரோட்டில் இறங்கும் விலை 1,12,000 ரூபாய். பழைய வண்டிக்கு 30,000. நாம் கட்ட வேண்டியது 82,000.

இரண்டாவது ஷோரூம்: அதே வண்டி, வேண்டாத சாமான்களை நீக்கித் தள்ளுபடியும் கழித்து 1,04,000 ரூபாய். பழைய வண்டிக்கு 25,000. நாம் கட்ட வேண்டியது 79,000.

பழைய வண்டிக்கு 5,000 குறைவாகக் கொடுத்த இடத்தில்தான் நமக்கு 3,000 ரூபாய் மிச்சம்! ஆகவே "பழசுக்கு எவ்வளவு தருவீங்க?" என்பதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். "மொத்தத்தில் என் கையிலிருந்து எவ்வளவு போகுது?" என்று பாருங்கள்.

ஷோரூமுக்குப் போகும் முன்

பழைய வண்டியின் விலையை நாமே தெரிந்துகொண்டு போக வேண்டும். வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக்கிடமும், பழைய வண்டி வாங்கி விற்கும் இரண்டு பேரிடமும் விலை கேளுங்கள். வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்துக் கொண்டுபோங்கள். விற்கப் போகும் வண்டிக்குப் பெரிய ரிப்பேர் செலவு செய்ய வேண்டாம். அந்தச் செலவு முழுவதும் விலையில் திரும்பி வராது. ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், புகைச் சான்று, இரண்டாவது சாவி, சர்வீஸ் புத்தகம் எல்லாம் கையில் இருந்தால் அவர்கள் விலையைக் குறைக்கக் காரணம் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம். 22.9.2025 முதல் 350 சிசி வரை உள்ள இருசக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்கும்போது பழைய வண்டி விலையும் இறங்கத்தான் செய்யும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் அதற்கு முன்னால் விற்ற விலையை மனதில் வைத்துப் பேசாதீர்கள். இப்போதைய விலையைக் கேட்டுப் பேசுங்கள்.

முதலில் புது வண்டி விலை, பிறகுதான் பழசு

ஷோரூமில் உட்கார்ந்ததும் பழைய வண்டியைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். புது வண்டிக்கு எழுத்தில் கொட்டேஷன் கேளுங்கள். குறைந்தது இரண்டு ஷோரூமில் வாங்குங்கள். வாங்கியதை வரி வரியாகப் படியுங்கள்.

* சாலை வரி, பதிவுக் கட்டணம் இரண்டும் அரசுக்குப் போவது. அதில் பேரம் இல்லை.

* "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று இருந்தால் அது அரசுக் கட்டணம் இல்லை. எதற்கு என்று கேளுங்கள், எடுக்கச் சொல்லுங்கள்.

* சேலை கார்டு, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் மிதி ஆகியவை வண்டியோடு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. நம் சேலையும் தாவணியும் சக்கரத்தில் சிக்கக் கூடாது என்பதற்காக உள்ள விதி இது. இதற்குத் தனியாகக் காசு போட்டிருந்தால் விடாதீர்கள்.

* வண்டி வாங்கும்போது ஹெல்மெட் தர வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

* இன்சூரன்ஸ்: 1.9.2018 முதல் புது இருசக்கர வாகனத்துக்கு 5 வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆனால் அதை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியிலும் விலை கேட்டுப் பாருங்கள். பழைய வண்டிக்கு முழுக் காப்பீடு போட்டு, இழப்பீடு எதுவும் கேட்காமல் இருந்திருந்தால் "நோ கிளைம் போனஸ்" சலுகை உண்டு. அது வண்டிக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

புது வண்டி விலையை முடித்து எழுதி வாங்கிய பிறகு, "சரி, என் பழைய வண்டியும் இருக்கு, அதுக்கு என்ன தருவீங்க?" என்று ஆரம்பியுங்கள். வெளியில் கேட்ட விலையை விடக் குறைத்தால் தயங்காமல் எழுந்து வாருங்கள். வெளியில் விற்றுவிட்டு வந்து பணம் கட்டிக்கொள்ளலாம்.

வட்டியில் ஏமாறாதீர்கள்

60,000 ரூபாய் கடன், 2 வருடம், "11 சதவீத வட்டிதான்" என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது ஃப்ளாட் வட்டியா என்று கேளுங்கள். ஃப்ளாட் என்றால், நாம் மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும் கடைசி வரை 60,000 ரூபாய்க்கே வட்டி போடுவார்கள். மொத்த வட்டி 13,200 ரூபாய்.

அதே 60,000 ரூபாயை நம் குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் வாங்கி, மாதம் 2,500 அசல் கட்டி, மீதி உள்ள அசலுக்கு மட்டும் வட்டி கட்டினால் மொத்த வட்டி 7,500 ரூபாய்தான். வருடத்துக்கு 12 சதவீதம் என்பது கேட்க அதிகமாக இருக்கிறது. ஆனால் கையிலிருந்து போவது 5,700 ரூபாய் குறைவு. குழு நோட்டு எழுதும் ஊக்குநர்கள் இதை ஒரு தடவை போட்டுக் காட்டினால் எல்லோருக்கும் விளங்கிவிடும்.

வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ கடன் வாங்கினால், வட்டியும் மற்ற கட்டணங்களும் சேர்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்பதை, நமக்குப் புரியும் மொழியில் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். 1.10.2024 முதல் ரிசர்வ் வங்கி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. முக்கிய விவர அறிக்கை என்று பெயர். அந்தத் தாளைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கடன் நம் பெயரில் என்றால், வண்டியும் நம் பெயரில் பதிவாகட்டும் சகோதரிகளே!

எனக்கு நடந்தது

இப்போது சொல்லப் போவதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். நான் சமூகப்பணி படித்தவள். "எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீங்க" என்று உங்களிடம் எத்தனையோ தடவை சொன்னவள். ஆனால் என் பழைய மொபெட்டை ஒரு ஷோரூமில் கொடுத்த அன்று, புது வண்டி கிடைக்கும் சந்தோஷத்தில், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். படிவத்தில் யார் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

ஒரு வருடம் கழித்து என் போனுக்கு அபராதச் செய்தி வந்தது. ஹெல்மெட் போடவில்லையாம், ஆயிரம் ரூபாயாம். நான் போயே பார்க்காத ஊர். அடுத்த மாதம் இன்னொன்று. வண்டி எண்ணைப் பார்த்தால் என் பழைய மொபெட்! ஷோரூமில் கேட்டால் புரோக்கரைக் கைகாட்டினார்கள். புரோக்கர் யாருக்கோ விற்றுவிட்டேன் என்றார். ஆர்.சி. இன்னும் என் பெயரில்தான் இருந்தது. அலைந்து திரிந்து பெயர் மாற்ற நாலு மாதம் ஆனது.

அபராதத்தோடு போனது. விபத்து நடந்திருந்தால்? கை மாறிக் கை மாறிப் போன ஒரு காரின் விபத்து வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விற்றுவிட்டாலும், பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்பது தீர்ப்பு. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே பழைய வண்டியை ஒப்படைக்கும்போது:

1. பழைய கடன் முடிந்திருந்தால், நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் உள்ள அடமானப் பதிவை முதலில் நீக்குங்கள்.

2. பெயர் மாற்றப் படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயர், முகவரி, தேதி நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஷோரூம்காரர் பழைய வண்டி விற்க அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். அங்கீகாரம் உள்ளவரிடம் வண்டியைக் கொடுத்ததைப் படிவம் 29சி மூலம் போக்குவரத்துத் துறைக்கு இணையத்தில் தெரிவிக்கும் முறை 1.4.2023 முதல் உள்ளது. அதைச் செய்துவிட்டு நகல் வாங்குங்கள்.

4. ஒப்படைத்த தேதி, நேரம், வண்டி எண் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் உள்ள டெலிவரி நோட் வாங்குங்கள்.

5. விற்றதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிப்பது நம் கடமை. "அவங்க பாத்துப்பாங்க" என்று விடாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள்.

6. ஒரு மாதம் கழித்து எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தனியாகப் போகாதீர்கள்

வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து பேசப் பழகிய நமக்கு ஷோரூமில் மட்டும் ஏன் கூச்சம்? குழுவில் கணக்குத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். "இன்னிக்கு மட்டும்தான் ஆஃபர்" என்றால், "குழுவுல கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். கொட்டேஷனைக் கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள்.

முப்பதாயிரத்துக்குக் கேட்ட அந்த அக்காவும் அப்படித்தான் செய்யப் போகிறார். இரண்டு கொட்டேஷனோடு அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்த கூட்டத்தில் எல்லோரும் ஒன்று செய்வோம். இதுவரை வண்டியை விற்றவர்கள், எக்ஸ்சேஞ்ச் போட்டவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்லுங்கள். அந்த வண்டிகள் இப்போது யார் பெயரில் இருக்கின்றன என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். இன்னும் நம் பெயரில் இருந்தால் இந்த மாதமே மாற்ற ஏற்பாடு செய்வோம்.