நட்டத்தைப் பார்க்காத வரி

பெரியசெவலை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் குடும்பத்துப் பிள்ளை ஒருவர், திருவெண்ணெய்நல்லூரில் இருந்தபடி கைப்பேசியில் கிரிப்டோ வாங்கி விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1 லட்சத்துக்கு வாங்கிய பிட்காயினை 1,60,000-க்கு விற்றார். லாபம் 60,000. அதே ஆண்டில் வேறொரு காயினில் 50,000 போய்விட்டது. மிஞ்சியது 10,000தான். அவர் கட்ட வேண்டிய வரியோ 18,720 ரூபாய்.

2022 பட்ஜெட்டில் வந்த விதி இது. லாபத்தில் 30 சதவீதம், அந்த வரிமேல் 4 சதவீதம் செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு எதையும் கழிக்க முடியாது. ஒரு காயினின் நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவோ அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவோ வழியில்லை. ஜெர்மனியில் தனிநபர் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் அந்த லாபத்துக்கு வரியே கிடையாது. இங்கே பத்து ஆண்டு வைத்திருந்தாலும் அதே 30தான். வரி வேண்டும், ஆனால் நட்டத்தைக் கண்ணெடுத்தும் பாராத வரி நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

2022 ஜூலை 1 முதல் 1 சதவீத டிடிஎஸ் பிடித்தமும் உண்டு. சிறு தொகைகளுக்கு விலக்கு இருக்கிறது. பிடிப்பது லாபத்தில் அல்ல, விற்ற தொகையில். அதனால் நட்டத்துக்கு விற்றாலும் பிடிப்பார்கள். அது 26ஏஎஸ் படிவத்தில் ஏறிவிடும். கணக்கு காட்டும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம்.

வருமான வரிக் கணக்கு காட்ட ஐடிஆர்-1 படிவம் உதவாது. ஐடிஆர்-2 அல்லது 3-இல் உள்ள விடிஏ (மெய்நிகர் டிஜிட்டல் சொத்து) அட்டவணையில், வாங்கிய தேதி, விற்ற தேதி, இரண்டு விலைகள் என்று ஒவ்வொரு விற்பனையையும் தனித்தனியே எழுத வேண்டும். ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினாலும் அது விற்பனைதான்.

ஆவணத்தின் அருமை திருவெண்ணெய்நல்லூருக்குப் புதிதல்ல. சுந்தரர் படி ஓலையைக் கிழித்துவிட, அவர் தனக்கு அடிமை என்று வழக்காட வந்த முதியவர் வெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலையை நீட்டினார். அவையோர் சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொன்னார்கள் என்கிறது பெரியபுராணம்.

2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ வர்த்தகத் தளத்தில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் களவுபோயின. வாடிக்கையாளர் கணக்குகள் முடங்கின. அதையொட்டி வந்த ஒரு வழக்கில், கிரிப்டோவும் சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். சொத்து என்றான பிறகும் அதன் கணக்கு வாங்கி விற்ற தளத்தில்தான் கிடக்கிறது. தளம் திறந்திருக்கும்போதே ஆண்டுதோறும் பரிவர்த்தனைப் பட்டியலை இறக்கி, வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.