ராஜகிரிப் படியில் உட்கார்ந்த அம்மாள்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் செஞ்சியை நெருங்கினாலே கோட்டைக் குன்றுகள் நம்மை வரவேற்கின்றன. 1714-இல் தேசிங்குராஜன் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்து உயிர் நீத்த பூமி இது. 2025-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற மராத்தியக் கோட்டைகளுள் செஞ்சியும் ஒன்று.

சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரியில் நாம் ஏறிக்கொண்டிருந்தபோது, வழியில் ஓர் அம்மாள் படியில் உட்கார்ந்துவிட்டார். பல வருஷங்களாக நீரிழிவு உள்ளவராம். "வீட்டிலும் இப்படித்தான் ஐயா, எத்தனை மருந்து கொடுத்தும் இந்தச் சோம்பல் மட்டும் போகவில்லை" என்றார் கணவர். அம்மாள் பதில் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அது சோம்பல்தானா? நம் குடும்பங்கள் அவசியம் யோசிக்கவேண்டிய கேள்வி இது.

ஒரு படி ஏறுவதற்கு மூளை கட்டளையிடவேண்டும். நரம்பு அதைத் தொடைத் தசைக்குக் கொண்டு சேர்க்கவேண்டும். இரத்தம் பிராணவாயுவும் சர்க்கரையும் கொணரவேண்டும். தசை அணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உலைகள் அவற்றைச் சக்தியாக மாற்றவேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் கால் ஓய்ந்துபோகும்.

நீரிழிவில் இரத்தத்திலே சர்க்கரை மிகுந்திருந்தும் அது தசைக்குள் சரிவரப் புகுவதில்லை. நாளடைவில் நரம்பும் கெடக்கூடும். இருதயமோ நுரையீரலோ பலவீனப்பட்டால் பிராணவாயு போதாது. இரத்தசோகையிலும் அதே கதிதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. 'சோம்பேறி' என்று பெயர் வாங்கிய மருமகள்கள் அவர்களுள் எத்தனை பேரோ! தைராய்டுச் சுரப்பி மந்தமானாலும், நாட்பட்ட அழற்சி தசையைக் கரைத்தாலும் களைப்பு வரும். சிலருக்கு உண்ணும் மருந்தே காரணமாகலாம்.

"அப்படியானால் நோயாளி படுத்தே இருக்கட்டும்" என்பதும் சரியன்று. உபயோகிக்காத தசை சில வாரங்களிலேயே மெலிகிறது. ஒரு காலத்தில் க்ஷயரோகிகளைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைத்தார்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சியோ, தக்க மருந்து கொடுத்தால், ஓய்வும் உணவும் குறைவாகக் கிடைத்த ஏழைகளும் வீட்டிலிருந்தே ஏறக்குறைய அதே அளவு குணமடைவதைக் காட்டியது. 1959-இல் வெளியான அம்முடிவு உலகெங்கும் வைத்திய முறையை மாற்றிற்று.

ஆனால் "நடந்தால் எல்லாம் சரியாகும்" என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. கோவிட் போன்ற காய்ச்சலுக்குப் பின் சிலருக்குச் சிறிது உழைத்தாலும் மறுநாள் களைப்பு பன்மடங்காகிறது. 2024-இல் வெளியான நெதர்லாந்து ஆராய்ச்சி ஒன்றில், அத்தகையவர்களின் தசைத் துணுக்கை உழைப்புக்கு முன்னும் பின்னும் எடுத்துச் சோதித்தார்கள். உழைத்தபின், மேற்சொன்ன உலைகளின் வேலை குன்றியிருந்தது. இவர்களை வற்புறுத்தி நடக்கவைப்பது தீங்கு.

ஆகவே, வீட்டில் நாட்பட்ட நோயாளி களைப்பென்று சொன்னால், முதலில் நம்புங்கள். எந்த வேலையில் களைப்பு வருகிறது, ஓய்வெடுத்தால் தீர்கிறதா, மறுநாள் அதிகரிக்கிறதா என்று குறித்து வைத்தியரிடம் கூறுங்கள். இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்தவேண்டாம். மூச்சுத் திணறலோ மார்வலியோ, திடீரென ஒரு பக்கம் பலவீனமோ கண்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

இவற்றுள் சிலவற்றை அந்தக் கணவரிடமும் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. நாம் உச்சி வரை சென்று இறங்கி வருகையில், அவ்விருவரும் அதே படியில் அருகருகே உட்கார்ந்து கீழே தெரிந்த கல்யாண மகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்றைக்கு இவ்வளவு போதும் ஐயா; வைத்தியரைப் பார்த்துவிட்டு மறுபடி வருகிறோம்" என்றார் அவர்.