மேகத்தில் குடியேறுவோம் – 9: கேட்காமல் போன மணி

கோவைக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் கணினிப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆலையின் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். இரவுக் காவலர் மணிக்கொரு தரம் இரும்புக் கம்பியால் அதை அடிப்பார். நேரத்தைத் தெரிவிக்கத்தான் அடிக்கிறார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். குவார்ட்டர்ஸில் குடியிருந்த பழைய மேலாளர் ஒருநாள் விளக்கினார். "மணி என்னன்னு கடிகாரம் சொல்லும் தம்பி. காவல்காரர் முழிச்சிருக்காருன்னு இந்த இரும்புதான் சொல்லோணும். ரெண்டு மணி சத்தம் கேக்கலைன்னா எனக்குத் தன்னால முழிப்பு வந்துரும்."

இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் விஷயத்தின் சாரம் முழுவதும் அவருடைய அந்தச் சொல்லில் இருக்கிறது. சென்ற வாரம் பேக்கப்பைக் கிளவுடுக்குக் கொண்டுபோனோம். இப்போது கொண்டுபோகப்போவது கண்காணிப்பை. சர்வர், சுவிட்ச், ரவுட்டர், டேட்டாபேஸ், இணைய லிங்க் ஆகியவை ஒழுங்காக ஓடுகின்றனவா என்று இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கும் மென்பொருளை இடம் மாற்றுவது பற்றி.

எங்கள் ஆலையில் அந்த வேலையைச் செய்தது நாகியோஸ். சர்வர் அறையின் அதே ரேக்கில், மற்ற சர்வர்களுக்கு நடுவே அதற்கும் ஓர் இடம். 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கருவியையும் கூப்பிட்டு "இருக்கிறாயா?" என்று கேட்கும். பதில் வராவிட்டால் எனக்கு மின்னஞ்சல் அனுப்பும். அந்த மின்னஞ்சலைச் சுமக்கும் மெயில் சர்வரும் அதே ரேக்கில்தான் இருந்தது.

ஒரு ஞாயிறு இரவு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் தானாக எடுக்கவில்லை. யு.பி.எஸ். பேட்டரி தாங்கும் வரை தாங்கியது. பிறகு சர்வர்களும் சுவிட்சுகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. நாகியோஸும் அணைந்தது. எனக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. செய்தி வராததால் எல்லாம் நலம் என்று படுத்துத் தூங்கினேன். காலை 6 மணிக்கு ஷிஃப்ட் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "சார், கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே வர மாட்டேங்குதுங்க. லாரி ரெண்டு லோடோட நிக்குது, பில் போட முடியலீங்க."

அன்றுதான் மேலாளர் சொன்னது எனக்கு முழுதாக விளங்கியது. அமைதிக்கு இரண்டு பொருள் உண்டு. எல்லாம் நன்றாக இருப்பதால் யாரும் பேசவில்லை என்பது ஒன்று. பேச வேண்டியவரே விழுந்துவிட்டார் என்பது மற்றொன்று. காவலர் மணி அடிப்பது இந்த இரண்டையும் பிரித்துக் காட்டத்தான். எங்கள் நாகியோஸை நாங்கள் அமைத்திருந்த விதத்தில் அந்த மணி இல்லை.

இதில் நாகியோஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தத் தலைமுறைக் கருவிகள் பிறந்த காலம் அப்படி. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் மைக் மூஸ் எழுதிய சிறிய நிரல்தான் 'பிங்'. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பதுபோல, ஒரு கணினிக்குச் சிறு பொட்டலம் அனுப்பி அது திரும்புகிறதா என்று பார்க்கும். 1988-இல் எஸ்.என்.எம்.பி. வந்தது. ரவுட்டரிடமும் சுவிட்சிடமும் அவற்றின் நிலையைக் கேட்டு வாங்கும் பொதுமொழி அது. 1995-இல் டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதிய எம்.ஆர்.டி.ஜி., இணைய லிங்க்கில் எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது என்பதை வரைபடமாகக் காட்டியது. 1999-இல் ஈதன் கால்ஸ்டட் 'நெட்செயின்ட்' என்ற பெயரில் வெளியிட்டதுதான் பின்னால் நாகியோஸ் ஆனது. அன்று ஒரு நிறுவனத்தின் கருவிகள் எல்லாம் ஒரே வளாகத்துக்குள் இருந்தன. அதனால் காவலரும் உள்ளேயே இருந்தார்.

இன்று பில்லிங் ஒரு கிளவுடில், மெயில் இன்னொன்றில், கிளை அலுவலகங்கள் நான்கு ஊர்களில், பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை. உள்ளே உட்கார்ந்திருக்கும் காவலருக்கு வளாகத்தின் ஒரு மூலைதான் தெரியும்.

கிளவுட் கண்காணிப்பில் முக்கியமாக மாறுவது கேள்வியின் திசை. பழைய முறையில் நடுவிலிருக்கும் சர்வர் ஒவ்வொரு கருவியையும் தேடிப்போய்க் கேட்டது. புதிய முறையில் ஒவ்வொரு சர்வரிலும் 'ஏஜென்ட்' என்ற சிறு நிரல் உட்கார்ந்துகொண்டு, சி.பி.யு., மெமரி, டிஸ்க் நிலவரத்தைச் சீரான இடைவெளியில் தானே வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. வழக்கமாக 443-ஆம் போர்ட் வழியாக, நாம் இணையதளம் பார்க்கும் அதே பாதையில் போகும். வெளியிலிருந்து யாரும் உள்ளே வர ஃபயர்வாலில் புதிய கதவு திறக்க வேண்டியதில்லை. சுவிட்ச், பிரின்டர் போன்று ஏஜென்ட் போட முடியாதவற்றுக்காக உள்ளே ஒரே ஒரு கலெக்டர் இருந்தால் போதும். அது எஸ்.என்.எம்.பி.யில் கேட்டு வாங்கி வெளியே அனுப்பிவிடும்.

ஏஜென்ட் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் ஒரு மணியோசை. குறித்த நேரத்துக்கு அது வரவில்லை என்றால், வராததே அலர்ட். மின்சாரம் போனாலும் லிங்க் அறுந்தாலும் சர்வர் உறைந்தாலும் வெளியே கேட்டுக்கொண்டிருப்பவருக்குத் தெரிந்துவிடும். தண்டவாளச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி தூங்கிய மேலாளரின் முறையேதான் இது.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்குப் பழைய உறவு உண்டு. இன்று ஜோஹோ என்று உலகம் அறிந்த நிறுவனம், 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளில்தான் தொடங்கியது. அவர்களுடைய 'சைட்24x7' 2006-இலேயே இணையதளங்களை வெளியிலிருந்து கவனிக்கும் சேவையாக வந்துவிட்டது.

'காவலர் வெளியே நிற்க வேண்டும்' என்ற விதி சிறிய ஆலைகளுக்கு மட்டுமானது என்று எண்ண வேண்டாம். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில் ஒரு பொறியாளர் சில சர்வர்களை மட்டும் நிறுத்தக் கட்டளை கொடுத்தார். அதில் ஒரு விவரம் தவறாகத் தட்டப்பட்டதால் தேவைக்கு மேல் பல சர்வர்கள் நின்றுபோயின. எஸ்3-ஐ நம்பியிருந்த எண்ணற்ற தளங்கள் சுமார் 4 மணி நேரம் தடுமாறின. நாம் குறித்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. எந்தச் சேவை நலம், எது பழுது என்று வாடிக்கையாளர்களுக்குக் காட்டும் அமேசானின் நிலவரப் பலகையை இயக்கும் ஏற்பாடும் எஸ்3-ஐ நம்பியிருந்தது. அதனால் முதல் 2 மணி நேரம் அந்தப் பலகையில் பழுது என்று மாற்றி எழுத அவர்களால் முடியவில்லை. ட்விட்டரில் அறிவித்துச் சமாளித்தார்கள். பிறகு அந்த ஏற்பாட்டைப் பல வட்டாரங்களில் இயங்கும்படி பிரித்து வைத்தார்கள்.

அதே ஆண்டு ஜனவரி 31-இல் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது இன்னும் நுட்பமானது. நள்ளிரவுப் போராட்டத்தில் களைத்திருந்த ஒரு பொறியாளர், அழிக்கக் கூடாத டேட்டாபேஸ் கோப்புறையை அழித்துவிட்டார். சுமார் 300 ஜி.பி. இருந்த இடத்தில் சொற்பமே மிஞ்சியது. பேக்கப்பை எடுக்கப் போனார்கள். இல்லை. மென்பொருளின் பதிப்புகள் பொருந்தாததால் தினசரி பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் புறப்பட்டுத்தான் இருக்கிறது. அதில் உரிய கையொப்பம் இல்லாததால் பெறும் முனையில் மெயில் சர்வர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. வேறொரு காரணத்துக்காக 6 மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்த ஒரு நகல் தற்செயலாகக் கையில் இருந்ததால் பிழைத்தார்கள். நடந்தது எதையும் மறைக்காமல் அவர்கள் ஊருக்குச் சொன்னதால்தான் நாம் இன்று கற்றுக்கொள்கிறோம். காவலர் மணி அடித்தார். ஓசை போகும் பாதையை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

ஓசை வந்தும் கேட்காமல் போவது மூன்றாவது வகை. 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தை திறப்பதற்கு முன்பே, நைட் கேபிட்டல் நிறுவனத்தின் கணினி, கோளாறைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களைத் தன் ஊழியர்களுக்கு அனுப்பியது. அப்படி வரும் மின்னஞ்சல்களைப் படிப்பது அங்கே வழக்கமில்லை. சந்தை திறந்து 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நட்டம்.

இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் இடம் மாற வேண்டும். நாங்கள் மாறியபோது செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் இருப்பதை எண்ணினோம். காகிதத்தில் இல்லாத சுவிட்சுகள் கிடங்கிலும் கேன்டீன் பரணிலும் கிடைத்தன. அடுத்து, பழைய அலர்ட்டுகளை அப்படியே தூக்கிச் செல்லவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து ஒரே கேள்வி கேட்டோம்: "இது வந்தால் யார் எழுந்து என்ன செய்வார்?" பதில் இல்லாதவற்றை நீக்கினோம். டிஸ்க் 80 சதவீதம் நிரம்பினால் காலையில் பார்த்துக்கொள்ளலாம். பில்லிங் டேட்டாபேஸ் பேசவில்லை என்றால் நள்ளிரவிலும் ஃபோன் அடிக்க வேண்டும். கூகுளின் பொறியாளர்கள் 2016-இல் வெளியிட்ட நூலில், தாமதம், வரத்து, பிழை, நெரிசல் என நான்கு அளவைகளை மட்டுமாவது பார்க்கச் சொன்னார்கள். தொடக்கத்துக்கு அது போதும்.

ஒரு மாதம் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடின. ஒன்று சொல்லி மற்றது சொல்லாத ஒவ்வொரு தடவையும் காரணம் தேடினோம். கடைசியாக, ஒரு விடுமுறை நாளில் முன்கூட்டியே சொல்லிவிட்டு நாங்களே ஒரு சர்வரின் கேபிளைப் பிடுங்கினோம். என் ஃபோன் அடிக்கும் வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்தச் சோதனையைச் செய்யாமல் பழையதை அணைக்காதீர்கள்.

கிளவுடுக்குப் போனால் கவலை தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். செலவு சர்வர் எண்ணிக்கையிலும் லாக்கின் அளவிலும் ஏறும். எதை அனுப்புகிறோம் என்று பார்க்காவிட்டால் மாதக் கடைசியில் பில் திடுக்கிட வைக்கும். லாக்கோடு கடவுச்சொல்லோ வாடிக்கையாளர் எண்ணோ சேர்ந்து போய்விடாமல் மறைக்க வேண்டும். இந்தியாவில் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி 180 நாள் லாக்குகளைப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். நீங்கள் எடுக்கும் சேவை அதற்கு ஏற்றதுதானா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே கேளுங்கள். ஏஜென்டுக்குத் தேவையான அனுமதிக்கு மேல் ஒன்றும் தர வேண்டாம். 2020 டிசம்பரில் வெளியான சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில் திருடர்கள் நுழைந்தது கண்காணிப்பு மென்பொருளின் அப்டேட் வழியாகத்தான். அந்த மென்பொருள் பெரும்பாலும் நிறுவனங்கள் தங்கள் சொந்தச் சர்வரிலேயே வைத்திருந்தது. வீட்டுக்குள் இருப்பதாலேயே காவலர் பத்திரமாகிவிட மாட்டார்.

வெளியே நிற்பவரும் விழலாம். 2023 மார்ச் 8 அன்று, கிளவுட் கண்காணிப்பில் முன்னணியில் இருக்கும் டேட்டாடாக் ஒரு நாளுக்கு மேல் முடங்கியது. அவர்கள் பல கிளவுட் நிறுவனங்களில், பல வட்டாரங்களில் தனித்தனியாகத்தான் இயங்கினார்கள். ஆனால் எல்லா இடத்திலும் இருந்தது ஒரே ஆபரேட்டிங் சிஸ்டம். ஏறக்குறைய ஒரே நேரத்தில் அதற்கு ஒரு பாதுகாப்பு அப்டேட் தானாக இறங்கியது. பல்லாயிரம் கணினிகளின் நெட்வொர்க் பாதைகள் அழிந்துபோயின. சுவர்கள் வேறுவேறாக இருந்தும் அவற்றுக்குப் பொதுவான ஒன்று மறைந்திருந்தது.

ஆகவே இடம் மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி "கிளவுடா, சொந்த சர்வரா?" என்பதல்ல. காவல் காக்கப்படுவதும் காவல் காப்பதும் எதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதே. ஒரே மின்சாரமா, ஒரே லிங்க்கா, ஒரே மெயிலா, ஒரே கிளவுட் கணக்கா? பங்கு குறையக் குறையக் காவல் உறுதிப்படும். நாங்கள் பழைய நாகியோஸைத் தூக்கி எறியவில்லை. கிளவுட் சேவை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் ஒரே வேலையைக் கொடுத்து, தனி சிம் கார்டோடு ஒரு சிறிய கணினியில் வைத்தோம்.

மாறிய மூன்றாம் மாதம், ஒரு பின்னிரவில் 2 மணி தாண்டி என் ஃபோன் விடாமல் அடித்தது. ஆலையிலிருந்து 5 நிமிடமாகத் துடிப்பு வரவில்லை என்றது செய்தி. வாசலுக்கு ஃபோன் போட்டேன். "ஆமாங்க தம்பி, இப்பத்தான் எல்லா லைட்டும் போச்சு. ஜெனரேட்டரும் எடுக்கலீங்க. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் காவலர். எலெக்ட்ரீஷியனை எழுப்பச் சொன்னேன். அரை மணியில் ஜெனரேட்டர் ஓடியது. விடிந்ததும் லாரிகள் நேரத்துக்குக் கிளம்பின.

அன்று அவர் கேட்ட கேள்விக்கு அப்போது பதில் சொல்லவில்லை. மறுநாள் வாசலில் அவரைப் பார்த்தபோது தண்டவாளத் துண்டைத் தொட்டுக் காட்டிச் சொன்னேன்: "இதை வெச்சுத்தாண்ணா."

(அடுத்த வாரம்: கிளவுட் பில்லைப் படிப்பது எப்படி?)