மணல் முற்றம் போன வீட்டில் பூனை மூத்திரம்

வீட்டில் வளரும் பூனை உள்ளே மூத்திரம் பெய்வதற்கு மூன்று காரணங்கள் உண்டு: உடம்பில் நோய், கழிப்பதற்குப் பிடித்த இடம் இல்லாமை, எல்லை குறித்தல். நாய்க்குப் பயமும் பரபரப்பும் இவற்றோடு சேரும். ஏசியதற்குப் பழிவாங்கத்தான் கட்டிலில் பெய்தது என்று வீட்டார் சொல்வது வழக்கம். இந்தக் கணக்கில் பழிக்கு இடமில்லை. எந்த இடத்தில் பெய்தது, எவ்வளவு பெய்தது, நின்று பெய்ததா குந்திப் பெய்ததா என்று கவனித்தாலே காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

எல்லை குறிக்கும் பூனை நின்றபடியே வாலை நிமிர்த்தி, அதன் நுனியை நடுங்கவிட்டு, பின்பக்கமாகச் சுவரிலோ கதவு நிலையிலோ கொஞ்சமாகப் பீச்சும். கழிக்க வந்த பூனை தரையில் குந்தி நிறையப் பெய்யும். பெய்தபின் காலால் கிளறி மூடப் பார்க்கும். மெத்தையிலும் சீமெந்துத் தரையிலும் மூட எதுவுமில்லை என்றாலும் கிளறும். முன்னதற்குச் செய்யும் மருந்து பின்னதற்குச் செல்லாது.

இலங்கையின் புத்தளம் கரையோரத்தில் இந்தத் தொல்லை நெடுங்காலம் பெரிதாகத் தெரியாமல் இருந்ததற்கு நிலமே காரணம் என்று சொல்லலாம். கற்பிட்டிக் குடாநாடு முழுக்க மணல். உடப்பு, முந்தல் பக்கத்துக் கரையும் அப்படித்தான். வீட்டுப்பூனையின் மூதாதை வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனை. அதனால்தான் மூன்று நாலு கிழமைக் குட்டிகூட யாரும் பழக்காமலே நுண்மணலைக் கிளறத் தொடங்குகிறது. குறைந்த தண்ணீரில் காலந்தள்ளப் பழகிய இனம் என்பதால் அதன் சிறுநீரகம் மூத்திரத்தை மிகவும் செறிவாக்கும்; கடல்நீரைக் குடித்தும் பூனையால் சமாளிக்க முடியும் என்று 1959இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அந்தச் செறிவுதான் நாற்றத்தின் கடுமைக்கும் ஒரு காரணம். பூனைக்கென்று களிமண் துகளைப் பொதிசெய்து விற்கும் யோசனை 1947இல் மிச்சிகனில் எட் லோ என்பவருக்கு வந்தது. அதற்கு முன் மேல்நாட்டு வீடுகளில் பூனைப் பெட்டிக்குச் சாம்பலும் மணலுமே போட்டார்கள். கற்பிட்டியில் முற்றமே பெட்டியாக இருந்தது.

இப்போது முற்றங்கள் மாறுகின்றன. மதில் எழும்புகிறது, வாசலில் இன்டர்லொக் கல் பதிகிறது, மிச்ச இடத்தைச் சீமெந்து மூடுகிறது. ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை மழை பெய்யும் மாதங்களில் எஞ்சிய மணலும் ஊறிக் கிடக்கும். காய்ந்த, பொலபொலப்பான, கிளறினால் இடங்கொடுக்கும் ஒன்றைத் தேடும் பூனைக்கு வீட்டுக்குள் கிடைப்பது துவைத்து மடிக்காமல் குவித்த துணி, சாக்கு, மெத்தை, சுருட்டி வைத்த வலை. துணி மென்மையானது, பெய்ததை உடனே உறிஞ்சும். ஒருமுறை பழகிவிட்டால் வாசனையே மறுமுறை அழைக்கும்.

முஸ்லிம்கள் அதிகம் வாழும் இந்தக் கரையில் விடயம் நாற்றத்தோடு நிற்பதில்லை. பூனை வாய்வைத்த தண்ணீரில் தொழுகைக்கு முன்னான வுழூச் செய்யலாம் என்று ஹதீஸ் உண்டு. அது வீட்டுக்குள் சுற்றித்திரியும் பிராணி, அசுத்தமானதல்ல என்பதே அதன் கருத்து. அதன் மூத்திரம் வேறு. இங்கு பெருமளவில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹப் என்ற சட்ட மரபில் அது நஜீஸ், அதாவது அசுத்தம். பட்ட உடுப்போடும் தொழுகை விரிப்பான முஸல்லாவோடும் கழுவாமல் தொழ முடியாது. பூனையை ஆசையாக வளர்க்கும் வீட்டிலேயே அதைச் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விட்டுவிடும் நிலை வருவதற்கு இது போதும். விட்ட இடத்தில் அது வேறொரு வீட்டுச் சுவரில் பீச்சும் என்பது தனிக் கதை.

எல்லை குறிப்பதில் முதலாள் விதையெடுக்காத கடுவன். கடுவன் மூத்திரத்தின் தனி நாற்றத்துக்குக் காரணம் ஃபெலினைன் என்ற, கந்தகம் கொண்ட அமினோ அமிலம். அது உண்டாகத் துணைபோகும் கோக்சின் என்ற புரதத்தை ஜப்பானிய ஆய்வாளர் மசாவோ மியசாக்கியும் சகாக்களும் கண்டறிந்தனர். விதையெடுத்தால் அந்தப் புரதமும் நாற்றமும் வெகுவாகக் குறையும். காலத்தோடு அறுவை செய்த ஆண்களில் ஏறக்குறைய 10 வீதமும் பெண்களில் 5 வீதமுமே பிறகும் பீச்சுகின்றன. இதைவிடப் பலனுள்ள வழி வேறில்லை. அறுவை செய்த பூனையும் பீச்சினால், தெருப்பூனை ஏதும் ஜன்னலடியில் வந்து போகிறதா என்று பார்க்க வேண்டும். கதவடியிலும் ஜன்னலடியிலும் ஈரம் கண்டால் அநேகமாக அதுதான். வளைகுடாவிலிருந்து வந்தவரின் பயணப்பெட்டி, விருந்தாளியின் சப்பாத்து, புதுக்கதிரை ஆகியவையும் இதற்குள் அடங்கும். அந்நிய வாசனை வந்த பொருள்மீது தன் வாசனையைப் போர்த்தினால்தான் பூனைக்கு நிம்மதி. பெட்டியை அலுமாரிக்குள் வைத்து மூடினால் பாதி வேலை முடிந்தது.

நோயை ஏன் முதலில் சொல்ல வேண்டும் என்றால், தவறவிட்டால் உயிர் போகும். அடிக்கடி குந்தி, முக்கி, சொட்டுச் சொட்டாகப் பெய்யும் பூனைக்குச் சலப்பையில் அழற்சியோ பளிங்குக் கல்லோ இருக்கலாம். கழிக்கும் இடத்தை வலியோடு சேர்த்து நினைவில் வைப்பதால் அது வேறிடம் தேடும். கடுவனின் சலக்குழாய் ஒடுங்கியது. அது முற்றாக அடைபட்டால் ஒன்றிரண்டு நாளில் இறந்துவிடும். பிரதேசத்துக் கால்நடை வைத்தியரிடம் அன்றைக்கே கொண்டுபோக வேண்டிய நிலை அது. வலிக்கென்று மனிதருக்கான பெரசிட்டமோல் கொடுக்கவே கூடாது, ஒரு குளிசையே பூனையைக் கொன்றுவிடும். வயதான பூனை நிறையக் குடித்து நிறையப் பெய்தால் நீரிழிவையும் சிறுநீரக நோயையும் சந்தேகிக்கலாம்.

நாய் கதை சுருக்கமானது. உடப்பிலும் சிலாபத்துப் பக்க மீனவக் கிராமங்களிலும் நாய்கள் பெரும்பாலும் முற்றத்தோடு நின்றுவிடுவதால் உள்ளே பெய்வது குறைவு. ஆண் நாய் காலைத் தூக்கிக் குறிப்பது கரையில் ஏற்றிய வள்ளத்தையும், ஊரெல்லாம் சுற்றிப் பிற நாய்களின் வாசனையோடு வரும் முச்சக்கர வண்டியின் டயரையும்தான். குட்டி நாலைந்து மாதம் வரை அடக்கத் தெரியாதது. அதட்டும்போது பதுங்கிப் பெய்யும் குட்டி பணிவைத்தான் காட்டுகிறது. மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்த்தால் பயம் கூடும், பெய்வதும் கூடும். தனியே பூட்டிவிட்டுப் போனால் மட்டும் பெய்கிற நாய்க்குப் பிரிவின் பதற்றம். கருப்பையெடுத்த பெட்டை நாய் உறக்கத்தில் கசியவிட்டால் அது ஹோர்மோன் குறைவாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு.

பெய்த இடத்தைக் கழுவும் முறையில்தான் அநேகர் பிழைவிடுகிறார்கள். அமோனியா கலந்த திரவம் பூனைக்கு மூத்திரம் போலவே மணக்கும். மூத்திரத்தின்மேல் குளோரின் ஊற்றினால் நச்சுவாயு கிளம்பும். பீனோல் கலந்த கிருமிநாசினியைப் பூனையின் ஈரல் தாங்காது. சவர்க்காரம் காய்ந்த மூத்திர எச்சத்தை முழுதாகக் கரைப்பதில்லை. மெழுகாத சீமெந்தின் துளைகளில் அது தங்கிவிடும். வெயிற்காலத்தில் ஒழிந்தது போலிருந்த நாற்றம் மழை ஈரத்தில் திரும்பி வருவது இதனால்தான். நொதி கலந்த துப்புரவுத் திரவம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஈரத்தை ஒற்றியெடுத்து, தண்ணீர் கலந்த வினாகிரியால் கழுவி, காய்ந்தபின் அப்பச்சோடா தூவிக் கூட்டலாம். துணியை நல்ல வெயிலில் போட வேண்டும். சுத்தமாக்கிய இடத்தில் சாப்பாட்டுத் தட்டை வைத்தால், உண்ணும் இடத்தில் கழிக்காத பூனை அங்கே மறுபடி பெய்யாது.

சீமெந்து போட்ட வீட்டுக்கு மணலைத் திருப்பிக் கொடுப்பது பெரிய செலவில்லை. அகலமான தாழ்ந்த பேசினில் நான்கு விரல் உயரத்துக்கு அரித்த நுண்மணல் போட்டு, மழை படாத, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில், சாப்பாட்டுக்குத் தள்ளி வைக்கலாம். பூனைகள் எத்தனையோ அதைவிட ஒரு பேசின் கூடுதலாக வைப்பது வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. கட்டியை அன்றாடம் அள்ள வேண்டும். பூனை மலத்தில் கொக்கிப்புழுவும் டொக்சோபிளாஸ்மா கிருமியும் இருக்கக்கூடும் என்பதால் கர்ப்பிணிகள் அதைத் தொடக் கூடாது. சிறுபிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடும் மணலிலிருந்தும் பேசின் தள்ளியே இருக்க வேண்டும்.