கொம்பு முளைத்த கதை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

"உனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது?" - இந்தக் கேள்வியைக் கேட்டே வளர்ந்தவள் நான். கல்லூரி விண்ணப்பத்தோடு வீட்டுக்கு வந்த அன்றும் அப்பாயி இதையேதான் கேட்டார். எங்கள் குடும்பத்தில் எவரும் மிதித்திராத கல்லூரிப் படியை, அண்ணன் இருக்கப் பெண்பிள்ளை மிதிப்பதா என்பது அவர் ஆதங்கம். கொம்பு ஆணுக்கே உரியது என்பதில் வீட்டில் யாருக்கும் ஐயம் கிடையாது. தென்னங்குருத்துக்குள் கம்பியை விட்டுக் காண்டாமிருக வண்டைக் குத்தி எடுக்கும் அப்பாகூட, கொம்பு நீண்டிருந்தால் ஆண், குட்டையாக இருந்தால் பெட்டை என்றுதான் சொல்வார்.

அந்தப் பாடத்தை நம்பி, முதலாண்டுச் செய்முறை வகுப்பில் ஒரு குட்டைக்கொம்பு வண்டுக்குப் 'பெண்' என்று சீட்டு எழுதி ஒட்டினேன். ஆசிரியர் வண்டைப் புரட்டி வயிற்றின் நுனியைப் பார்க்கச் சொன்னார். பெண்ணாயின் அங்கே அடர்ந்த மயிர்க்கற்றை இருக்கும். என் வண்டுக்கு அது இல்லை, அது ஆண்! இவ்வினத்தில் இருபாலுக்கும் கொம்பு உண்டு, ஆணுக்குப் பொதுவாக நீளம் அதிகம், அவ்வளவுதான் என்றார். அப்படியானால் கொம்பைத் தீர்மானிப்பது எது?

டார்வினையே மயக்கிய உறுப்பு இது. 1871-இல் வெளியான தம் நூலில், வண்டுகளின் கொம்புகள் வெறும் அலங்காரமாகவே தோன்றியிருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அவை போர்க்கருவிகள் என்பது பிற்காலத்தார் கண்டது. ஜப்பானில் சிறுவர்கள் ஆசையாய் வளர்க்கும் 'கபுட்டோமுஷி' எனும் வண்டின் ஆண், தலையிலுள்ள கவைக்கொம்பால் எதிரியை நெம்பி மரத்திலிருந்து தள்ளிவிடும். பெண்ணுக்குக் கொம்பே இல்லை. இது நம் தென்னை வண்டின் உட்குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஆணின் 'ஒய்' குரோமோசோமில் கொம்புக்கென ஒரு மரபணு இருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். அது தவறு. 'டபுள்செக்ஸ்' என்ற மரபணு இருபாலிடமும் உண்டு. ஒரே துணியைத் தையற்காரர் சட்டையாகவும் ரவிக்கையாகவும் வெட்டுவதுபோல, அம்மரபணுவின் ஆர்.என்.ஏ. ஆணில் ஒருவிதமாகவும் பெண்ணில் வேறுவிதமாகவும் வெட்டி ஒட்டப்படுகிறது. புரதமும் இரண்டு விதமாகிறது. பெண்ணில் கத்தரி பிடிப்பது 'டிரான்ஸ்ஃபார்மர்' என்னும் மற்றொரு மரபணு. (நம் தெருமுனையில் அடிக்கடி பழுதாகும் டிரான்ஸ்ஃபார்மர் அல்ல!)

இதைச் சோதித்தவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள். புழுப்பருவத்தில் ஓர் ஆர்.என்.ஏ.வை ஊசியால் செலுத்தி, வேண்டிய மரபணுவை வாயடைக்கச் செய்யலாம். 2013-இல் வெளியான ஆய்வில் டபுள்செக்ஸை இப்படி அடக்கினார்கள். ஆணின் தலைக்கொம்பு சிறுத்தது, மார்புக்கொம்பு முளைக்கவில்லை. பெண்ணின் தலையிலோ சிறு கொம்பு ஒன்று எழுந்தது! அதாவது ஆண்புரதம் கொம்பை வளர்க்கிறது, பெண்புரதம் தடுக்கிறது. 2019-இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது. பெண் புழுக்களில் டிரான்ஸ்ஃபார்மரை அடக்கியபோது ஆணைப் போலவே கொம்பு வளர்ந்தது. கொம்புக்கான முழு வரைபடமும் பெண்ணுடலில் முன்பே இருந்திருக்கிறது. திறக்க விடவில்லை, அவ்வளவே. இதைப் படித்த அன்றிரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

சரி, என் குட்டைக்கொம்பு ஆண்? அதற்குக் காரணம் தீனியாக இருக்கலாம். உடலுக்கு உணவு கிடைத்த செய்தியை இன்சுலின் வகை ஹார்மோன்கள் கொண்டு செல்கின்றன. 2012-இல் டக்ளஸ் எம்லன் குழுவினர், கபுட்டோமுஷி ஆண்களில் அச்செய்தியை வாங்கும் ஏற்பியின் மரபணுவை அடக்கினர். இனவுறுப்பின் அளவு மாறவில்லை. இறகு ஏறத்தாழ 2 சதவீதம் குறைந்தது. கொம்போ 16 சதவீதம் குறைந்தது. எருக்குழியில் அரைவயிற்றோடு வளர்ந்த ஆண், ஆணாயிருந்தும் குட்டைக்கொம்போடுதான் வெளிவரும்.

ஆசியச் சாணவண்டுகளில் ஆந்தோஃபேகஸ் சாஜிட்டேரியஸ் என்றோர் இனம் உண்டு. அதில் பெண்ணுக்கே பெரிய கொம்புகள், தலையில் ஒன்று, மார்பில் ஒன்று. ஆணுக்குத் தலையில் இரண்டு சிறு முளைகள் மட்டுமே. அங்கே டபுள்செக்ஸ் தன் வேலையைத் தலைகீழாகச் செய்கிறது என்று 2012-இல் கண்டார்கள். அதன் படத்தைப் பொங்கல் விடுமுறையில் அப்பாயிக்குக் காட்டினேன். கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இது பெட்டையா?" என்று இருமுறை கேட்டார். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு அவனுக்கும் காட்டச் சொன்னார்.